காபி ஊற்றியவனுக்குக் கைதட்டல்

கடைத்தெருவில் அவளுக்குப் பெயர் பச்சைத் தொப்பி. நகராட்சி கொடுத்த சீருடையில் தொப்பி மட்டும்தான் கண்ணில் அடிக்கிற பச்சை, மற்றதெல்லாம் சாம்பல் நிறம். அவள் தெருமுனையில் திரும்பியதுமே யாராவது கடைக்குள் தலையை நீட்டி, "பச்சை வருது, வண்டியை எடுங்க" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே இருந்து ஆட்கள் தீப்பிடித்தது போல ஓடி வருவார்கள். செருப்புக் கடையில் புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஒரு காலில் பழையதும் ஒரு காலில் புதியதுமாக ஓடி வந்து காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து கடைக்காரரிடம் புதுச் செருப்புக்குப் பணத்தைக் கொடுத்தார், இவளுக்கு வசவைக் கொடுத்தார்.

நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டிகளுக்கு அபராதச் சீட்டு போடுவது அவள் வேலை. அதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருந்தாள். ஈரத்திலும் ஆவியிலும் நின்று நின்று மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், வெளிக்காற்றில் ஒரு வேலை வேண்டும் என்று தேடி இதில் சேர்ந்தாள். "காத்தோட்டமான வேலைன்னு சொன்னாங்க. காத்தோட வசவும் வரும்னு யாரும் சொல்லலை" என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வசவில்தான் எத்தனை விதம். "ரெண்டே நிமிஷம்" என்பவர்கள் ஒரு சாதி. அந்த ரெண்டு நிமிஷத்தில் முடிவெட்டிக்கொண்டு வருவார்கள். "ரெண்டு இண்டிகேட்டரையும் போட்டிருக்கேனே" என்பவர்கள் இன்னொரு சாதி. விளக்கு மினுக்கினால் வண்டி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. "ஒரு சீட்டுக்கு உனக்கு எவ்வளவு?" என்ற கேள்வி தினமும் வரும். அவளுக்கு ஒரு பைசா கிடையாது. சீட்டு போட்டாலும் போடாவிட்டாலும் அதே சம்பளம்தான். சொன்னால் யார் நம்புகிறார்கள்? அந்தத் தெருவில் ஒரு பல் மருத்துவர் உண்டு. தன் வாசலை மறித்து நிற்கிற வண்டிக்குச் சீட்டு போடச் சொல்லி நகராட்சிக்குப் போன் மேல் போன் போடுவார். அவருடைய காரே ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் நின்று சீட்டு வாங்கியது. அன்றைக்கு அவர் நடுத்தெருவில் நின்று, "இது பகல் கொள்ளை" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இந்தப் பாட்டுக்கு ஓய்வில்லை. அவள் கணவன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். நகரத்தின் இன்னொரு பகுதியில் அவனுக்கு வேலை. வாரத்தில் ஒரு நாளாவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவான்.

"இன்னிக்கும் ஒட்டிட்டான். நாலாவது மாடியில பார்சலைக் குடுத்துட்டு இறங்கி வர்றதுக்குள்ள சீட்டு. இவனுங்க உடம்புல ரத்தம் ஓடுதா, இல்ல மை ஓடுதா?" என்பான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லலை" என்பான்.

"பின்ன யாரைச் சொல்றீங்க?"

"மத்தவங்களை. நீ நியாயமாப் போடுவே."

"அந்த மத்தவங்க வீட்டுலயும் இப்படித்தான் 'உன்னைச் சொல்லலை'ன்னு ஒருத்தர் சொல்லிட்டிருப்பார்."

அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அந்தத் தெருவில் ஒரு கண் மருத்துவமனை. அதன் வாசலில் நடைபாதை ஓரிடத்தில் மட்டும் சரிந்து தெருவோடு சேரும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும், கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு தடவித் தடவி நடக்கிறவர்களும் ஏறி இறங்க அந்தச் சரிவைத்தான் நம்பியிருந்தார்கள். தரையில் மஞ்சள் கோடு உண்டு, படம் உண்டு, பக்கத்தில் பலகையும் உண்டு. அன்று காலை இத்தனையையும் மூடிக்கொண்டு ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்றது.

காருக்கு முன்னால் ஒருவன் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு எங்கே ஏறுவது என்று தெரியாமல் நின்றிருந்தான். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. பச்சைத் தொப்பி ஓடிப்போய் நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்தாள். மகன் பின்பக்கத்தைப் பிடித்தான். இரண்டு பேருமாக நடைபாதை விளிம்புக்கு மேலே தூக்கினார்கள். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. கண் தெரியாத அந்த அம்மா காற்றில் கையை வீசி எதையாவது பற்றப் பார்த்து, இவளுடைய காதைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்துடப் போறேன், விழுந்துடப் போறேன்" என்று குழந்தை போல அழுதாள். மேலே ஏற்றி இறக்கிய பிறகும் பிடியை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பச்சைத் தொப்பி நேரே காரிடம் போனாள். இடுப்பிலிருந்து சீட்டு மெஷினை எடுத்து வெள்ளைக் காரின் எண்ணைத் தட்ட ஆரம்பித்தாள்.

கார்க்காரர் பக்கத்துக் காபிக் கடையிலிருந்து கையில் கோப்பையோடு வந்தார். தெருக்கோடியில் பெரிய சோபாக் கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் தெரிந்தவர்.

"ஏம்மா, நான் இங்கதானே நிக்கிறேன்? கண்ணு தெரியலையா?"

"நீங்க நிக்கலாம் சார். வண்டிதான் நிக்கக் கூடாது."

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அவருடைய காது மடல் சிவந்தது.

"சரி, எடுத்துடறேன். சீட்டு போடாதே."

"ஏறிடுச்சு சார். மெஷின்ல ஏறினதை என்னால இறக்க முடியாது. ஆட்சேபணை இருந்தா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலாம்."

"என் வரிப்பணத்துல சம்பளம் வாங்கிட்டு என்கிட்டயே வசூலா? பிச்சைக்காரப் பொழப்பு!"

அவர் கிட்டே வந்தார். மூடியைக் கழற்றினார். கையை உயர்த்தி அவள் தொப்பிக்கு மேலே கோப்பையைச் சாய்த்தார். ஒரேயடியாகக் கொட்டவில்லை. செடிக்குத் தண்ணீர் விடுவது போல, நிதானமாக, கோப்பை காலியாகும் வரை ஊற்றினார். தொப்பியின் விளிம்பிலிருந்து காபி வழிந்து கழுத்துப்பட்டிக்குள் இறங்கியது. முதுகு முழுக்கப் பிசுபிசுத்தது.

பிறகு யாரோ கை தட்டினார்கள். அடுத்தவர் சேர்ந்துகொண்டார். எதிர் வரிசையிலிருந்து ஒரு விசில் பறந்தது. கைதட்டல் கடைக்குக் கடை தாவிப் பெரிதாயிற்று.

அவள் கத்தவில்லை. சீருடையில் கத்தக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். மெஷினின் பொத்தானை அழுத்தினாள். சீட்டு வெளியே வந்தது. ஈரக்கையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்த அதை உதறி எடுத்து, வைப்பருக்கு அடியில் செருகினாள். சோபாக் கடைக்காரர் அதை உருவிக் கசக்கி அவள் காலடியில் எறிந்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம்தான் அவள் தலையை நிமிர்த்திக் கை தட்டியவர்களைப் பார்த்தாள். செருப்புக் கடைக்காரர். முடிவெட்டுகிறவர். மருந்துக் கடைக்காரி. இந்த மருந்துக் கடைக்காரி வெயில் நாட்களில் இவளைக் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுப்பவள். "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். கண்ணும் கண்ணும் சந்தித்ததும் அந்தக் கடைக்காரி தன் கையில் ஒட்டிய தூசியைத் தட்டுவது போல இரண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காபி ஊற்றியதைக்கூட அவளால் விழுங்க முடிந்திருக்குமோ என்னவோ. அந்தக் கைதட்டல் தொண்டையில் முள்ளாக நின்றது.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் அவளை உட்காரவைத்து ஒரு துண்டைக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான், பயந்தாங்கொள்ளி.

"அவர் பெரிய இடம்மா. கவுன்சிலருக்கு வேண்டியவர். நான் பேசி ஒரு மன்னிப்பு வாங்கித் தர்றேன். உன்னை அடுக்குமாடி வண்டி நிறுத்தத்துல காசு வாங்குற கூண்டுக்குள்ள போட்டுடறேன். மின்விசிறி இருக்கு. யார் வாயிலயும் விழ வேண்டாம்."

"நான் எதுக்கு சார் கூண்டுக்குள்ள போகணும்? ஊத்தினது அவரு."

"அதுக்கில்லம்மா…"

"எதுக்குமில்ல சார். நான் போலீசுக்குப் போறேன்."

காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர் எழுதிக்கொண்டார். "காபி சூடா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆறிப்போயிருந்துச்சு."

"அடடா, சூடா இருந்திருந்தா கேஸ் நல்லா நின்னிருக்கும்."

"அடுத்த தடவை சுடச்சுட ஊத்தச் சொல்றேன் மேடம்."

அந்தக் காவலர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். அப்புறம் முழுவதையும் ஒழுங்காக எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைத்தாள். மூன்று முறை சோப்புப் போட்டும் கழுத்துப்பட்டியில் கறை போகவில்லை. சமையலறை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கொடியில் போட்டாள். செவிலியர் படிப்புப் படிக்கிற மகள் கல்லூரியிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் செல்போனை நீட்டினாள்.

"அம்மா, இது நீதானே?"

எதிர்க் கடையின் மாடியிலிருந்து யாரோ எடுத்திருந்த வீடியோ. மேலிருந்து எடுத்ததால் முகம் தெரியவில்லை, ஒரு பச்சைத் தொப்பியும் அதன் மேல் விழுகிற காபியும்தான் தெரிந்தன. தோளில் தொங்கிய பையை மகள் தைத்துக் கொடுத்திருந்தாள். அதை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். வீடியோவுக்கு மேலே 'மக்கள் சார்பில் ஒரு காபி' என்று தலைப்பு. கீழே ஊரே கூடி எழுதியிருந்தது. 'இவங்களுக்கு இப்படித்தான் பாடம்.' 'எங்க தெருவுக்கும் ஒரு காபி பார்சல்.' 'அந்த அண்ணனுக்குச் சிலை வைக்கணும்.'

அவள் எல்லாவற்றையும் படித்தாள். மகள் போனைப் பிடுங்கப் பார்த்தும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கணவன் உள்ளே வந்தான். நல்ல உற்சாகத்தில் இருந்தான். மகளின் செல்போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை எட்டிப் பார்த்து, "அட, உங்க காலேஜுக்கும் வந்துடுச்சா?" என்றான். "காலையில இருந்து எங்க டிரைவர் குரூப்ல இதுதான் ஓடுது. நான்கூட ஒண்ணு போட்டேன், 'சர்க்கரை போட்டாங்களா, கேட்டீங்களா'ன்னு. ஒவ்வொருத்தனும் விழுந்து விழுந்து சிரிக்கிறான்."

யாரும் சிரிக்காததைப் பார்த்து அவன் தலையைத் தூக்கினான். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியின் தலைமுடி ஈரமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் கொடியில் சாம்பல் நிறச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்துப்பட்டியில் பழுப்புக் கறை.

அவன் சட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீயா?" என்றான். "ஐயோ… சத்தியமா நீன்னு தெரியாது. நான் உன்னைச் சொல்லலை…"

"என்னைத்தான் சொன்னே."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். அன்று 'நீ' தானாக வந்து விழுந்தது. இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள்.

"நீன்னு தெரிஞ்சிருந்தா நான்…"

"நான் இல்லைன்னா? வேற ஒருத்தியா இருந்தா பரவாயில்லையா? அவ தலையில ஊத்தலாமா? அவளுக்குச் சர்க்கரை வேணுமான்னு கேக்கலாமா?"

"விளையாட்டுக்குப் போட்டதுடி."

"உனக்கு விளையாட்டு. முதுகெல்லாம் எறும்பு மொய்க்கிற மாதிரி நமநமன்னு அரிக்குது எனக்கு. அந்த நாறின சட்டையோட நான் பஸ்ல நின்னுட்டு வந்தேன். ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கிட்டான்."

அவனுக்கும் சட்டென்று கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம் அதில் பாதி, வேலையில் தினமும் சேருகிற கோபம் மீதி.

"எனக்கு மட்டும் என்ன குளுகுளுன்னா இருக்கு? பார்சலை இந்த நேரத்துக்குள்ள குடுன்னு கம்பெனி கழுத்துல கத்தி வைக்குது. வண்டியை நிறுத்த ஒரு இடம் உண்டா நான் போற தெருவுல? எங்க நிறுத்தட்டும், என் தலை மேலயா? சீட்டு விழுந்தா கம்பெனி கட்டாது, என் சம்பளத்துல பிடிச்சுக்கும். வர்ற ஆத்திரத்தை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

"கம்பெனி மேல கொட்டு! இடம் குடுக்காத நகராட்சி மேல கொட்டு! அங்கெல்லாம் உங்க யாருக்கும் வாய் வராது. மொதலாளிகிட்ட 'சரிங்க சார்', கவுன்சிலர்கிட்ட 'வணக்கம் சார்'. வெயில்ல நடந்து வர்ற ஒருத்திகிட்ட மட்டும் எல்லா வீரமும் வந்துடுது. அவ தலையில எவனோ காபியை ஊத்தினா, ஊரே கை தட்டுது. நீயும்தான் தட்டினே."

"நான் தட்டலை…"

"தட்டினே. செல்போன்ல தட்டினே."

அவன் தன் செல்போனைப் பார்த்தான். அவன் கையில் அது அப்போதும் அதிர்ந்துகொண்டிருந்தது, சர்க்கரை நகைச்சுவைக்கு யார் யாரோ சிரிப்பு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அதுல எழுது" என்றாள் அவள். "அது என் பொண்டாட்டின்னு எழுது."

அவன் எழுதவில்லை. குனிந்த தலையோடு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாளிலிருந்து தெருவில் அவளுக்குப் பெயர் மாறிவிட்டது. பச்சைத் தொப்பி போய், காபி அக்கா ஆனாள். கார் கண்ணாடியை இறக்கிக் காகிதக் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "ஒரு வாய் வேணுமா?" என்று கேட்டார்கள். சீட்டு போடப் போனால், "இரு, சூடா ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்றார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் வேண்டுமென்றே ஸ்கூட்டரைச் சரிவில் நிறுத்திவிட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்று படம் எடுத்தார்கள். அவள் சீட்டு போட்டாள். ஒவ்வொருவருக்கும் போட்டாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. நாத்தனார் போன் செய்து, "பேசாம அந்தக் கூண்டு வேலைக்குப் போயிடேன். நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்க" என்றாள். "நாலு பேரா? நாலு லட்சம் பேர் பார்த்தாச்சு. இனிமே நான் எதுக்கு ஒளியணும்?" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மருந்துக் கடைக்காரி ஒரு நாள் தண்ணீர்ச் செம்போடு வாசலுக்கு வந்தாள். "அக்கா, அன்னிக்கு எல்லாரும் தட்டினாங்க, கை தன்னால…" என்று இழுத்தாள்.

"உன் கை தன்னால தட்டுச்சுன்னா நல்ல டாக்டர்கிட்ட காட்டு" என்றாள் இவள். தண்ணீர் வாங்கவில்லை. தாகத்தோடு தெருமுனை வரை நடந்து பொதுக்குழாயில் குடித்தாள்.

வீட்டில் அவனோடு பேச்சு குறைந்தது. சாப்பாடு வைப்பாள், அவன் சாப்பிடுவான். 'உப்பு', 'போதும்' என்பதைத் தாண்டி வார்த்தை கிடையாது. இடையில் மகள்தான் தபால்காரி போல இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோனாள்.

வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் சோபாக் கடைக்காரர் இஸ்திரி கலையாத சட்டையில், வக்கீலோடு வந்திருந்தார். இவள் சீருடையில், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மகளோடு போயிருந்தாள். கணவனிடம் வரச் சொல்லிக் கேட்கவில்லை. அவனாகவே வந்திருந்தான். கம்பெனிச் சட்டையோடு கடைசி பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

நீதிபதி வயதான பெண்மணி. "என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"கை தவறிடுச்சும்மா" என்றார் சோபாக் கடைக்காரர்.

வீடியோவைத் திரையில் போட்டார்கள். நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார். "கை தவறினா ஒரு நொடியில தவறும். இது இவ்வளவு நேரமா தவறுது?" என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீடியோவில் கைதட்டல் ஆரம்பித்தது. அந்த மூடிய அறைக்குள் அது தெருவில் கேட்டதைவிடப் பெரிதாகக் கேட்டது.

"இது என்ன சத்தம்?"

வக்கீல் எழுந்தார். "அதுதான்மா பொதுமக்களோட உணர்வு. இந்த அபராதத்தால மக்கள் எவ்வளவு நொந்துபோயிருக்காங்கன்னு இதுலயே தெரியுது. என் கட்சிக்காரர் செஞ்சது தப்பா இருக்கலாம். ஆனா அவர் தெருவோட கோபத்தைத்தான் காட்டினார்."

கடைசி பெஞ்சில் கணவன் நெளிந்தான். அந்தக் கைதட்டல்களில் தன்னுடையதும் ஒன்று என்று அப்போது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவனைப் போன்றவர்களைச் சாட்சியாக நிறுத்தித்தான் அந்த வக்கீல் பேசிக்கொண்டிருந்தார்.

சோபாக் கடைக்காரர் கடைசியில் இறங்கிவந்தார். வக்கீல் காதில் ஏதோ சொன்ன பிறகு தொண்டையைச் செருமி, சுவரைப் பார்த்து, "நடந்ததுக்கு வருத்தப்படுறேன்" என்றார்.

நீதிபதி அவளைப் பார்த்தார். "போதுமாம்மா?"

"போதாதும்மா." குரல் உடைந்தது. உடைந்த குரலோடே பேசினாள். "நடந்தது, நடந்ததுன்னா தானா நடந்த மாதிரி இருக்கு. மழை பெஞ்ச மாதிரி இருக்கு. ஊத்தினது யாரு? அவர் யார் தலையில, என்னத்தை ஊத்தினார்னு அவர் வாயால சொல்லட்டும். என்னைப் பார்த்துச் சொல்லட்டும்."

வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அவரைக் கையமர்த்தினார். "நியாயமான கேள்விதான். சொல்லுங்க."

சோபாக் கடைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். அத்தனை பேர் எதிரில் ஊற்றும்போது தடுமாறாத மனுஷர், அதைச் சொல்வதற்குள் வியர்த்துப்போனார். "காபி… காபி அவங்க மேல…"

"காபி நடந்து வரலை" என்றார் நீதிபதி.

"நான்" என்று ஒரு வழியாக ஆரம்பித்தார். "நான் இவங்க தலையில காபியை ஊத்தினேன். வேணும்னுதான் ஊத்தினேன். தப்புதான். மன்னிச்சுக்கோங்க."

கடைசி வார்த்தையில் அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், கேட்டேன் என்பதற்கு. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.

அவருக்கு அபராதம் விதித்தார்கள். ஒரு சோபாவின் கால் விலைகூட இருக்காது. வெளியே கவுண்டரில் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, யாருடனோ போனில் சிரித்துப் பேசியபடியே படியிறங்கிப் போனார். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆறியிருந்ததெல்லாம் மறுபடி கொதித்தது. "பார்த்தியாடி? இவ்வளவுதான்" என்றாள் மகளிடம்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் கணவன் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். செல்போனை நீட்டினான். நீதிமன்ற வராந்தாவில் நின்று குரூப்பில் எழுதியிருந்தான். 'அந்த வீடியோவில் இருப்பது என் மனைவி. சர்க்கரை பற்றிக் கேட்டவன் நான். கேட்டதற்கு வெட்கப்படுகிறேன். யாராவது இனி அதை அனுப்பினால் நேரில் வந்து கேட்பேன்.'

அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச பேர் மன்னிப்புக் கேட்டிருக்காங்க. கொஞ்ச பேர் குரூப்பை விட்டே போயிட்டாங்க. ஒருத்தன் இன்னும் சிரிக்கிறான்."

"யாரு?"

"குளிர்பான வண்டி ஓட்டுறவன். நாளைக்கு அவனை நேர்ல பார்க்கணும்."

"அடிதடிக்குப் போயிடாதே. நான் ஒரு கேஸுக்காகக் கோர்ட்டு ஏறி இறங்கினதே போதும்" என்றாள்.

அவன் அடிதடிக்குப் போகவில்லை. பதிலாக, வேலை முடிந்த பிறகு மற்ற ஓட்டுநர்களைப் பிடித்து உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தான். பார்சல் வண்டிகள் நின்று சரக்கு இறக்கத் தெருவுக்கு ஓர் இடம் வேண்டும், சீட்டுப் பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பதைக் கம்பெனி நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம் என்றான். முதலில் பாதிப் பேர் கிண்டல் செய்தார்கள். "வீட்டுல வாங்கின அடி பலம் போல" என்றார்கள். "பலம்தான்" என்று ஒப்புக்கொண்டான். அவளும் சும்மா இருக்கவில்லை. மற்ற தெருக்களில் சீட்டு போடுகிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு மேற்பார்வையாளரின் அறைக்குப் போனாள். இனி யாரும் தனியாகப் போக மாட்டோம், இரண்டு இரண்டு பேராகத்தான் போவோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மேற்பார்வையாளர் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே கேட்பதற்கு முன்பே அவர்கள் ஜோடியாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

தேர்தல் நெருங்கியதும் கவுன்சிலர் நகராட்சி மண்டபத்தில் கூட்டம் போட்டார். கடைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள், சோபாக் கடைக்காரர் நடுவில் இருந்தார். கவுன்சிலர் மைக்கைப் பிடித்து, "மக்களை வாட்டி வதைக்கிற இந்த அபராதத்தை உடனே நிறுத்தி வைப்போம்" என்றார். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அப்போது பின்வரிசையில் ஓட்டுநர்களோடு இருந்த கணவன் எழுந்தான்.

இதையெல்லாம் அவன் அன்று மாலை வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், சமையலறை வாசலில் நின்று சொன்னான். குரல் கம்மியிருந்தது. அவள் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எழுந்து என்ன சொன்னே?"

"அபராதத்தை நிறுத்த வேணாம், முதல்ல வண்டியை நிறுத்த இடம் குடுங்கன்னேன். கண் ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியைப் போடுறவனுக்கெல்லாம் எதுக்கு சலுகைன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"முன்னாடி இருந்தவங்க 'உக்காரு, உக்காரு'ன்னு கத்தினாங்க. நம்ம ஆளுங்கள்லயே ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. 'நமக்கு நல்லது பண்றாங்கடா, கெடுக்காதே'ன்னு. எனக்கு வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம்…" கசங்கிய காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "எல்லாரும் என்னைப் பார்த்துக் கத்துறாங்க. ஒருத்தன்கூட எனக்காகப் பேசலை."

அவள் அவனையே பார்த்தாள். "உட்கார்ந்துட்டியா?"

"இல்ல" என்றான். "மைக்கை அணைச்சுட்டாங்க. அப்பவும் நின்னேன்."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவனுக்காக இன்னொரு முட்டையை எடுத்து உடைத்தாள்.